பொறியொடு பொர மறுத்தல்: வீரமோ, அச்சமோ?

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு எமது விடுதித் தாழ்வாரத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. சதுரங்கத்தில் விடுதி முழுவதிலும் வல்லவர் எனப் பெயர் பெற்ற நண்பர் ஒருவரைக் கைப்பேசியிலுள்ள சதுரங்கப் பொறியொடு ஒருமுறை ஆடிக்காட்டுமாறு மற்றையோர் வேண்டினர். அவர் "ஆடேன்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். "தோற்றுவிடுவோம் என்னும் அச்சமே காரணம்" என்றனர் ஒரு சாரார். "அன்று, மனிதன் மனிதனோடு ஆடுவதே ஆட்டம். மறுத்தது மானமுடைமை" என்றனர் மற்றொரு சாரார். விளக்கணைக்கும் மணி அடித்த பின்னும் வழக்கு ஓயவில்லை. நண்பரோ இருதிறத்தார்க்கும் விடை கூறாது, விடுதிக் காவலரோடு தம் வழக்கமான ஆட்டத்தை ஆடி முடித்து உறங்கச் சென்றார். அவ்வழக்கிற்கு ஒரு தீர்ப்புக் காணப் புகுந்த சிறு முயற்சியே இக்கட்டுரை.

வீரம் இன்னது, அச்சம் இன்னது என வரையறுத்துக்கொள்ளாது தீர்ப்புக் கூறப் புகுதல், அளவுகோலின்றி நிலம் அளப்பதை ஒக்கும். தமிழர்க்கு அவ்வளவுகோல் தொல்காப்பியத்திலேயே உளது. மெய்ப்பாட்டியலில் ஆசிரியர் அச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்பர். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. பெருமிதம் பிறத்தற்கும் நான்கு நிலைக்களங்கள் கூறுவர். கல்வியும், வீரமும், புகழும், கொடையும் ஆம் அவை.

இவ்விரண்டு வரிசையையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். அச்சத்திற்குக் கூறிய நான்கும் நம் உயிர்க்கோ உடலுக்கோ பொருட்கோ கேடு சூழ வல்லவை. ஆட்டப் பொறியோ அவற்றுள் எதற்கும் கேடு சூழ்வதன்று. அது கெடுக்க வல்லது நம் பெயர் ஒன்றையே. ஆதலின் பொறியை அஞ்சுகிறோம் என்பார் உண்மையில் அஞ்சுவது பொறியை அன்று, தம் புகழின் குறைவையே என்க. இஃது ஒன்று. மற்றொன்று, பெருமிதத்தைக் கூறுமிடத்து வீரத்தோடு கொடையும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. வெல்லும் வலி ஒன்றே ஒருவனைத் தலைநிமிரச் செய்வதன்று; கொடுக்கும் உளமும் அங்ஙனம் செய்யும். எனவே, பொறியொடு ஆடினான் ஒருவனைப் பற்றியும் ஆட மறுத்தான் ஒருவனைப் பற்றியும் நாம் வினவத்தக்க முதல் வினா, "அவன் எதைக் கொடுத்தான்?" என்பதேயாம். இவ்வினாவைக் கையில் கொண்டு வரலாற்றினுட் புகுவோம்.

பொறி வலியற்றிருந்த காலத்தில் அதனொடு ஆட எவரும் தயங்கிற்றிலர். 1968ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் சதுரங்க வீரர் டேவிட் லெவி என்பார், பத்தாண்டிற்குள் எந்தக் கணிப்பொறியும் தம்மை ஆட்டத்தில் வெல்லாது என்று, செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் மெக்கார்த்தி முதலிய அறிஞரோடு பந்தயம் வைத்தார். 1978ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில், அக்காலத்துப் பொறிகளுட் சிறந்த 'செஸ் 4.7' என்பதனை 3½க்கு 1½ என்னும் கணக்கில் வென்று பந்தயத்தையும் வென்றார். ஆனால் 1989ஆம் ஆண்டில் 'டீப் தாட்' என்னும் பொறி அவரை நான்கு ஆட்டங்களிலும் வென்றது. வெற்றி உறுதி என்று தெளிந்த நாளில் போட்டிக்கு இசைதல் அறிவுடைமையாகலாம்; வீரம் என்று கூறுதற்கில்லை. தோல்வியின் நிழல் தோன்றிய பின்னரே வீரமும் அச்சமும் வேறு வேறாகப் பிரிகின்றன.

அந்நிழல் உலகமெங்கும் தெரிந்தது 1997ஆம் ஆண்டிலேயாம். உலக முதல்வராயிருந்த காரி காஸ்பரோவ், ஐ.பி.எம். நிறுவனத்தார் சமைத்த 'டீப் புளூ' என்னும் பொறியோடு 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிலடெல்பியா நகரில் ஆடினார். முதலாட்டத்தில் தோற்றும், முடிவில் 4க்கு 2 என வென்றார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நகரில் மீண்டும் ஆடினார். நொடிக்கு ஏறத்தாழ இருபது கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அப்பொழுது அப்பொறிக்கு இருந்தது. ஆறாட்டங்களின் முடிவில் 3½க்கு 2½ எனப் பொறி வென்றது. தோற்ற காஸ்பரோவ் மற்றுமொரு போட்டி வேண்டினார். நிறுவனத்தார் இசையவில்லை, பொறியை ஆட்டத்தினின்றும் ஓய்வுபெறச் செய்தனர். இன்று அதன் உறுப்புக்கள் அமெரிக்க நாட்டு அருங்காட்சியகங்களில் காட்சிப் பொருளாய் இருக்கின்றன.

இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது. பொறியொடு ஆட மறுத்த மனிதரைப் பற்றியே உலகம் பேசுகின்றது. மனிதனொடு மீண்டும் ஆட மறுத்தவர் பொறியின் பக்கத்தாரும் ஆவர் என்பதை மறந்துவிடுகின்றது. பொறி தானே அஞ்சுவதுமில்லை, துணிவதுமில்லை. அதற்கு நாணம் இல்லை. தோல்வியால் உறக்கம் இழப்பதும் இல்லை. இழத்தற்குரிய பெயரும் இல்லை. அதனை இயக்குவோரே அஞ்சவும் துணியவும் வல்லவர். வென்ற புகழைக் கையில் வைத்துக்கொண்டு களத்தை மூடிய இச்செயலைக் கோழைமை என்பதா, வாணிக மதி என்பதா என்பதனைப் படிப்போர் முடிவிற்கே விடுகின்றோம். ஒன்று மட்டும் தெளிவு. அம்மறுப்பில் கொடுக்கப்பட்டது யாதும் இல்லை.

நிற்க. இப்பொருள் பற்றி ஆராய்வார் அனைவரும் அறிந்துகொள்ளத்தக்க பெருமகன் ஒருவர் உளர். அவர் சதுரங்க வீரர் அல்லர். செக்கர்ஸ் என்னும் ஆட்டத்தில் வல்லவர். சதுரங்கத்திற்குரிய அறுபத்துநான்கு கட்டப் பலகையிலேயே, இருண்ட நிறக் கட்டங்கள் முப்பத்திரண்டினை மட்டும் கொண்டு, பக்கத்திற்குப் பன்னிரண்டு காய்களை வைத்துக் கோணவாக்கில் நகர்த்தி, எதிரியின் காயைத் தாண்டி வெட்டி ஆடுவது அவ்வாட்டம். காண்பார்க்கு எளிதாய்த் தோன்றும். கற்பார்க்கு ஆழம் காணவொண்ணாதது. அவ்வாட்டத்தின் தனிப்பெருந் தலைவராய் விளங்கியவர் மேரியன் டின்ஸ்லி என்னும் அமெரிக்கர்.

1927ஆம் ஆண்டிற் பிறந்த டின்ஸ்லி கணிதப் பேராசிரியர். புளோரிடா மாநிலத்துப் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றியவர். கிறிஸ்து சபையொன்றில் நற்செய்தி உரைக்கும் தொண்டும் ஆற்றியவர். நாற்பதாண்டிற்கு மேற்பட்ட தம் ஆட்ட வாழ்வில் அவர் தோற்ற ஆட்டங்கள் பத்திற்கும் குறைவே எனின், அவர்தம் வன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எதிர்த்து ஆட வந்தோர் எல்லாம் வெற்றியை எண்ணாது, சமமாய் முடிந்தாற் போதும் என்று அடங்கி ஆடினமையால், அவர்க்கு ஆட்டமே சுவையற்றுப் போயிற்று. இடையே பல்லாண்டுகள் போட்டிகளினின்றும் விலகியும் இருந்தார்.

இந்நிலையில், கனடா நாட்டு ஆல்பர்டா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜானத்தன் ஷேபர் என்னும் அறிஞர் 1989ஆம் ஆண்டில் 'சினூக்' என்னும் ஆட்டப் பொறியைத் தம் குழுவினரோடு உருவாக்கத் தொடங்கினார். 1990ஆம் ஆண்டில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில் டின்ஸ்லிக்கு அடுத்த இரண்டாம் இடத்தை அப்பொறி பெற்றது. முறைப்படி நோக்கின், இரண்டாம் இடம் பெற்றார்க்கு உலகப் பட்டத்திற்காக முதல்வரோடு பொரும் உரிமை உண்டு. ஆனால் அமெரிக்க, ஆங்கிலச் செக்கர்ஸ் சங்கத்தார் அதற்கு இசைய மறுத்தனர். மாந்தர்க்கென அமைந்த பட்டத்திற்குப் பொறி போட்டியிடுதல் கூடாது என்பது அவர் துணிபு.

அப்பொழுது டின்ஸ்லி செய்தது யாது? சங்கத்தார் முடிவின் பின்னே அவர் மறைந்துகொண்டிருக்கலாம். "யான் ஆட அணியமாயுள்ளேன், சங்கம் இசையவில்லை, என் செய்வேன்?" என்று கூறியிருப்பின், அவரை ஒருவரும் கோழை என்றிரார். பட்டமும் கையில் இருந்திருக்கும், பழியும் வந்திராது. அவரோ தம் உலகப் பட்டத்தையே துறந்தார். துறந்தபின், பட்டமில்லாத தனி மனிதராய்ப் பொறியொடு ஆட இசைந்து கையெழுத்திட்டார். சங்கத்தார் திகைத்து, அவர்க்கு மதிப்புறு முதல்வர் என்னும் பெயரை அளித்தனர். மனிதர்க்கும் பொறிக்கும் இடையே நடக்கும் உலகப் போட்டி என வேறொரு பட்டத்தை வகுத்தனர். புகழைப் பெறுதற்காகப் பொருதவர் பலர். பொருதற்காகப் பட்டத்தைக் கொடுத்தவர் இவர். பெருமிதத்தின் நிலைக்களமாகத் தொல்காப்பியர் கூறிய நான்கும் ஒருவர்பால் ஒருங்கே நின்றதை ஈண்டுக் காண்கிறோம்.

அவர் பொறியை எளிதென எண்ணி இசைந்தாரும் அல்லர். 1990ஆம் ஆண்டிலேயே அதனொடு பதினான்கு ஆட்டம் ஆடி, ஒன்றில் வென்று, பதின்மூன்றைச் சமன் செய்திருந்தார். வென்ற அவ்வோர் ஆட்டத்தில் பொறி பத்தாவது நகர்வைச் செய்தவுடனேயே, அந்நகர்விற்காக நீர் வருந்த நேரும் என்று ஷேபரிடம் கூறினாராம். முப்பத்தாறாவது நகர்வில் பொறியின் தோல்வி ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயிரமாயிரம் நிலைகளைத் துருவும் பொறி காணாததை அவர் ஒரு நோக்கிற் கண்டார் என்பது இதனால் விளங்கும்.

1992ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பட்டப் போட்டி நிகழ்ந்தது. டின்ஸ்லிக்கு அப்பொழுது அகவை அறுபத்தைந்து. முப்பத்தொன்பது ஆட்டங்களில் முப்பத்துமூன்று சமனாயின. நான்கில் அவர் வென்றார்; அவற்றுள் ஒன்று பொறி பழுதுற்றமையால் வந்தது. இரண்டில் தோற்றார். ஆண்டு பலவாகத் தோல்வியே அறியாத ஒருவர், உலகம் நோக்கியிருக்க ஒரு பொறியின்பால் இருமுறை தோற்று, தோற்றபின்னும் அதே மேசையில் மறுநாள் வந்து அமர்ந்தார் என்பதே எமக்கு அப்போட்டியின் பெருமையாய்த் தோன்றுகின்றது. தமக்கு அமைந்த படைப்பாளி பொறியின் படைப்பாளியினும் மேலானவர் என்றும், பொறியை ஆக்கியவர் ஜானத்தன், தம்மை ஆக்கியவர் ஆண்டவர் என்றும் அவர் நகையாடியது உண்டு. அது செருக்கன்று, தம் ஆற்றலைத் தமதெனக் கொள்ளாத பணிவு. தமதென்று கொள்ளாததை இழத்தற்கு ஒருவன் ஏன் அஞ்ச வேண்டும்?

1994ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் இருவரும் மீண்டும் எதிர்ந்தனர். ஆறாட்டங்கள் சமனாய் முடிந்த நிலையில் டின்ஸ்லியின் உடல் நலங்குன்றியது. போட்டியை விட்டு விலகினார். கணையத்திற் புற்று எனத் தெரிந்தது. 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் இறைவனடி எய்தினார். பட்டம் பொறிக்கு வந்தது. ஆயினும் டின்ஸ்லியைப் போட்டியில் வென்றோம் என்று கூறும் வாய்ப்புப் பொறியினர்க்கு வாராமலே போயிற்று. அதன்பின் ஷேபர் குழுவினர் பல கணிப்பொறிகளை ஆண்டுக்கணக்காக இயக்கி, இருபக்கத்தாரும் பிழையின்றி ஆடின் அவ்வாட்டம் சமனாகவே முடியும் என்பதனை 2007ஆம் ஆண்டில் நிறுவிக் காட்டினர். டின்ஸ்லியின் ஆட்டங்களில் மிகப்பல சமனாய் முடிந்தமை, அவர் அப்பிழையற்ற எல்லையை எவ்வளவு அணுகியிருந்தார் என்பதனைக் காட்டும்.

இனி, மறுத்தவர் பக்கத்தையும் நடுவுநிலைமையோடு கேட்டல் முறை. சங்கத்தார் கூற்றில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடல் ஆகாது. ஓட்டப் பந்தயத்தில் மோட்டார் வண்டியை எவரும் சேர்ப்பதில்லை. வண்டி விரைவில் மிக்கது என்பதனால் ஓட்டக்காரன் இகழப்படுவதும் இல்லை. வண்டியொடு ஓடேன் என்றானை எவரும் கோழை என்பதும் இல்லை. ஒப்பாரோடு ஒப்பார் பொருதலே போட்டி. நிகரல்லாரோடும் நிலைகெட்டாரோடும் பொராமையை நம் புறத்திணை நூல்களும் வீரத்தின் பாற்படுத்தன. தோற்றுப் புறங்கொடுத்து ஓடுவார்மேற் படை ஓச்சாமையைத் தழிஞ்சி என்னும் துறையாகப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துள்ளது. வாளை ஓங்குவது மட்டுமன்றி, ஓங்கிய வாளை அடக்குவதும் வீரமே. பயப்பட வேண்டிய இடத்திற் பயப்படுதலும் அறிவின் பகுதி என்பது வள்ளுவர் கருத்துமாம். எனவே மறுத்தல் யாவும் கோழைமை என்பார் கூற்றுப் பொருந்தாது.

மறுத்தும் மதிக்கப்படுதற்குரியார் ஒருவரைக் காட்டுதும். 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் சதுரங்கப் பட்டப் போட்டி ராட்டர்டாம் நகரில் நடந்தபொழுது, மாந்தரோடு 'பிரிட்ஸ்' என்னும் கணிப்பொறியும் போட்டியாளராகச் சேர்க்கப்பட்டது. முன்னர் அந்நாட்டுப் பட்டத்தை வென்றிருந்த பால் வான் டெர் ஸ்டெர்ரன் என்பார் அதனொடு ஆட மறுத்தார். ஆட்டம் அவர் தோற்றதாகக் கணக்கிடப்பட்டது. அதே அரங்கில் யான் வான் டெர் வீல் என்னும் மற்றொரு வீரர் பொறியொடு ஆடி அதனை வென்றார். இவ்விருவருள் யார் வீரர்? இருவருமே என்பது எம் கருத்து. ஆடினவர் தம் பெயரைப் பணயமாக வைத்தார். மறுத்தவர் ஒரு முழுப் புள்ளியைக் கொடுத்துத் தம் கொள்கையைக் காத்தார். மறுப்பிற்கு அவர் விலை கொடுத்தமையால் அம்மறுப்பு அச்சமாகாது ஒழிந்தது.

மூன்றாவதாக, இக்காலத்தார் பலரும் அறிந்த கொரிய வீரர் லீ செடோல் என்பார் வரலாற்றை நோக்குவோம். 'கோ' என்னும் ஆட்டம் பத்தொன்பது கோடுகள் குறுக்கும் பத்தொன்பது நெடுக்குமாய் அமைந்த பலகையிற் கருங்கல்லும் வெண்கல்லும் கொண்டு ஆடுவது. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சியோல் நகரில் 'ஆல்பாகோ' என்னும் பொறியொடு ஐந்தாட்டங்கள் ஆடினார் லீ. முதல் மூன்றிலும் தோற்றுப் போட்டியை இழந்தார். அப்பொழுது அவர், தோற்றது லீ செடோல் என்னும் ஒருவனே, மனித குலம் அன்று, என்னும் கருத்துப்படக் கூறினார். நான்காம் ஆட்டத்தில் எழுபத்தெட்டாவதாக அவர் வைத்த கல் பொறியைத் தடுமாறச் செய்தது. அவ்வாட்டத்தை அவர் வென்றார். போட்டி தோற்ற பின்னும் மனந்தளராது ஆடிப் பெற்ற அவ்வோர் வெற்றியை உலகம் இன்றும் போற்றுகின்றது.

அவ்வீரரே 2019ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்டத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றார். தாம் மாந்தருள் முதல்வரானாலும் வெல்லவொண்ணாத ஒன்று மேலே நிற்கின்றது என்பதனை ஒரு காரணமாக வெளிப்படையாக உரைத்தார். "அஞ்சி ஓடினார்" என்று சிலர் கூறலாம். ஆனால் அடுத்த திங்களே 'ஹான்டோல்' என்னும் பொறியொடு மூன்று விடையாட்டங்கள் ஆடி, ஒன்றில் வென்று இரண்டில் தோற்றே அவர் விடைபெற்றார். ஓடுகின்றவன் பகைவன் முன்னே நின்று விடைபெறுவதில்லை. இளமை முதற் பயின்ற தொழிலைக் கொடுத்து, காரணத்தையும் மறையாது கூறிய அவரைக் கோழை என்று சொல்ல எம் நா எழவில்லை. துயருற்றார் என்று சொல்லலாம். துயரம் வேறு, அச்சம் வேறு.

இதுகாறுங் கூறியவற்றால் மறுப்பை அளக்கும் மூன்று வினாக்கள் பெறப்படும். மறுப்பவன் அதனால் ஏதேனும் இழக்கின்றானா என்பது முதலாவது. அவன் காப்பது தன் பெயரை மட்டுமா, பிறர்க்கும் உரியதோர் உண்மையையா என்பது இரண்டாவது. அவன் வெளியிற் கூறுங் காரணமும் உள்ளத்திலுள்ள காரணமும் ஒன்றா என்பது மூன்றாவது. இம்மூன்று வினாவிற்கும் நேர்விடை கூற வல்லான் மறுப்பு வீரம். மூன்றிற்கும் தலைகுனிவான் மறுப்பு, எத்துணை அழகிய சொற்களாற் போர்த்தப்பட்டாலும், அச்சமே. இரண்டிற்கும் இடையே நிற்பன உலகில் மிகப்பல. சங்கத்தார் செய்கையும் அத்தகையதே. அவர் காத்தது பொதுவான ஒன்று, காரணமும் வெளிப்படை, ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர் டின்ஸ்லி. எனவே அதனை முன்மதி என்னலாம்; வீரம் என்னலாகாது.

திருமறையை அறிந்தார்க்கு இம்முடிபு புதிதன்று. கோலியாத் என்னும் அரக்கனையொத்தானை எதிர்க்கத் துணிந்த இளைஞனாகிய தாவீது, சவுல் மன்னன் அணிவித்த தலைச்சீராவையும் கவசத்தையும் களைந்துவிட்டுக் கவணும் கல்லுமாய்ச் சென்றான். ஒருபால் ஏற்றலும் ஒருபால் மறுத்தலும் அவன் வீரத்தில் ஒருங்கே இருந்தன. பகைவனொடு பொர இசைந்தான். பகைவனைப்போல் ஆகிப் பொர இசைந்திலன். வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட நம் பெருமான், தேவாலயத்தின் உச்சியினின்றும் தாழக் குதித்துக் காட்டுமாறு சோதனைக்காரன் அறைகூவியபொழுது மறுத்தார். குதித்துக் காட்டியிருப்பின் வேடிக்கை காண்பார் வியந்திருப்பர். அவர் அவ்வியப்பை வேண்டாது விடுத்தார். பின்னர்ச் சிலுவையின் வழியை மறுத்தாரல்லர். அறைகூவல் ஒவ்வொன்றிற்கும் விடையிறுக்க வேண்டுவது வீரனின் கடமையன்று. எதற்கு விடையிறுக்க வேண்டும் எனத் தெரிந்து, அதற்குத் தன்னைக் கொடுத்தலே கடமை.

இனி, இவ்வாராய்ச்சி எம் போன்ற மாணவர்க்கு என்ன பயன் தரும் என்று வினவுவார்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். சதுரங்கமும் செக்கர்ஸும் நம்மிற் பலர்க்குப் பொழுதுபோக்கே. ஆனால் இன்று பொறி ஆட்டப் பலகையோடு நின்றிலது. கட்டுரை வரைகின்றது, தலைப்பைக் கொடுத்த சில நொடியில் வெண்பாப் போன்ற நான்கடியையும் கட்டித் தருகின்றது. அதிற் பலகால் தளை தட்டும். நாளை தட்டாமலும் போகலாம். தமிழ் பயிலும் மாணவர் எதிரே இப்பொழுது அமர்ந்திருப்பது அதுவேயாம்.

சென்ற ஆண்டு வெண்பாப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டபொழுது யாம் பெயர் கொடுத்திலேம். நண்பர் வினவியபொழுது, "பொறி நொடியிற் கட்டுவதனை நாம் மூன்றிரவு விழித்துக் கட்டுவதால் என்ன பெருமை? அத்தகைய போட்டியில் கலந்துகொள்ளாமையே மானம்" என்று கூறினோம். கேட்டோர் சிலர் தலையசைத்தனர். யாமும் அதனை நம்பினோம். இப்பொழுது மேற்கூறிய மூன்று வினாக்களையும் எம்மை நோக்கியே வினவிப் பார்க்கின்றோம். யாம் இழந்தது யாது? ஒன்றுமில்லை, மூன்றிரவு உறக்கத்தைப் பெற்றோம். காத்தது யாது? எம் வெண்பா பொறியின் வெண்பாவினும் தாழ்ந்தது எனப் பிறர் கூறாவண்ணம் எம் பெயரைக் காத்தோம். கூறிய காரணமும் உள்ளத்துக் காரணமும் ஒன்றா? அன்று. ஈற்றடியில் எமக்குச் சீர் அமையவில்லை என்பதே உண்மைக் காரணம். ஆதலின் எம் மறுப்பு மானம் அன்று. மானத்தின் ஆடையை உடுத்திருந்த அச்சம்.

விடுதித் தாழ்வாரத்து நண்பரை இந்நோக்கொடு காணுங்கால் அவர் வேறாகத் தோன்றுகின்றார். ஒவ்வோர் இரவும் காவலரோடு ஆடும் அவர், வாரத்தில் இருமுறையேனும் தோற்கின்றார். தோற்றபொழுது காவலர் நகைக்கின்றார். இவரும் நகைத்துக் காய்களை மீண்டும் அடுக்குகின்றார். தோல்விக்கு அஞ்சுகின்றவர் அங்ஙனம் நாடோறும் தோற்க இசையார். தோற்றால் நகைக்கவும், வென்றால் வாழ்த்தவும், நாளை மீண்டும் வா என்று அழைக்கவும் வல்ல ஓர் உயிரோடு ஆடுதலை அவர் விரும்பினார். அவ்விருப்பத்தின் பொருட்டுக் கோழை என்னும் பெயரையும் வாய்திறவாது ஏற்றுக்கொண்டார். அவர் கொடுத்தது தம் புகழையே. ஆதலின் அன்றிரவு தீராத வழக்கில் எம் தீர்ப்பு அவர் பக்கமே.

அன்பார்ந்த மாணவ நண்பர்காள்! பொறி நம்மினும் விரைந்து கணிக்கலாம். நம்மினும் பிழையின்றி ஆடலாம். ஒருநாள் நம்மினும் செம்மையாக யாப்பும் அமைக்கலாம். அதனொடு பொருதலும் பொராமையும் அவரவர் உளப்பாங்கைப் பொறுத்தவை. ஆனால் அதன் பெயரைச் சொல்லி நம் உழைப்பை ஒழித்துவிட்டு, அவ்வொழிவிற்கு வீரம் என்று பெயரிடாதிருப்போமாக. இவ்வாண்டு அவ்வெண்பாப் போட்டி மீண்டும் அறிவிக்கப்பட்டுள்ளது. யாம் பெயர் கொடுத்துவிட்டோம். ஈற்றடி இன்னும் அமைந்தபாடில்லை. அமையாதுபோயினும், அமைந்த அளவில் எழுதிக் கொடுப்போம். கல்வியும் கொடையும் வீரமும் ஒருங்கே அருள வல்ல எல்லாம்வல்ல இறைவன், நம் கல்லூரி மாணவர் அனைவர்க்கும் மெய்யான துணிவைத் தந்தருள்வாராக.